பலகையில் எழுதியிருந்த சம்படி

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். முன்னால் வர வேண்டியது பின்னால் வரும், பின்னால் வர வேண்டியது வராமலே போகும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழ் வாசிப்பேன், மளிகைச் சீட்டு எழுதுவேன், தம்பிக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. மறதியும் வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா என்று தெரிந்துகொள்ள அட்டையை எடுத்து ஓட்டையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இரண்டு பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நேரில் போனால் வாய் வருவதில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

லால்குடியில் இருந்த வீட்டை விட்டு மகளோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஆறு வருடம் இருக்கும். இருபத்துநான்கு வீடுகள் கொண்ட அபார்ட்மெண்ட். எங்களுடையது இரண்டாவது மாடி. மகள் ஜங்ஷன் பக்கம் ஒரு பேங்கில் வேலை செய்கிறாள். எட்டரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் வருவாள். நான் இயல்பாகவே யாரோடும் பேசக் கூச்சப்படுகிறவள். லிஃப்டில் யாராவது இருந்தால் அடுத்த லிஃப்டில் போகலாம் என்று நின்றுவிடுவேன். அடுத்தது என்று ஒன்று கிடையாது, அதே லிஃப்ட்தான் திரும்பி வரும்.

அந்த லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அசோசியேஷன் நோட்டீஸ் எல்லாம் அதில்தான் குத்தி வைப்பார்கள். எல்லாம் இங்கிலீஷ். முதல் மாடியில் இருக்கிற டீச்சர்தான் செக்ரட்டரி. டவுனில் ஒரு ஸ்கூலில் முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றாலும் நின்று பார்ப்பேன்.

ஒரு நாள் மகளிடம் கேட்டேன். "எல்லா நோட்டீசும் ஒரே வார்த்தையிலதான் ஆரம்பிக்குது. அது என்ன?"

"சம்படி. யாரோ ஒருத்தர்னு அர்த்தம்."

"யாரு அவரு?"

மகள் சிரித்தாள். "இங்க யாரும் யார் பேரையும் எழுத மாட்டாங்கம்மா. எழுதினா சண்டை வரும். சம்படிஸ் செருப்பு லிஃப்டை மறிக்குது. சம்படிஸ் வண்டி கேட்டை மறிக்குது. இப்படித்தான்."

"இது என்ன போட்டிருக்கு, இந்தப் புதுசுல?"

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு வாசித்தாள். "சம்படிஸ் வடாம், எவ்ரிபடிஸ் மொட்டைமாடில காயுது. யாரோ ஒருத்தரோட வடாம், எல்லாரோட மாடில."

அந்தக் கட்டிடத்திலேயே வடாம் போடுகிறவள் நான் ஒருத்திதான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் காலை ஒரு டப்பா வடாத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டு மணியை அடித்தேன். அந்த மணியை அடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"டீச்சர், அந்த சம்படி நான்தான்" என்றேன். எப்படியோ வந்துவிட்டது.

அவர் என்னையும் பார்த்தார், டப்பாவையும் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். "உள்ள வாங்கம்மா. முப்பது வருஷம் சம்படி சொல்லிக் குடுத்துட்டேன், அவரு இன்னிக்குத்தான் நேர்ல வந்திருக்காரு."

வடாம் காயலாம், ஆனால் ஒரு ஓரமாக, எல்லாரும் துணி போட்ட பிறகு என்று தீர்ப்பு ஆனது. அதோடு முடிந்திருக்கும். எனக்கு என்ன தைரியம் வந்ததோ, "எனக்கு அந்தப் பலகையை வாசிக்கத் தெரிஞ்சா நல்லாயிருக்கும் டீச்சர்" என்றும் சொல்லிவிட்டேன். அந்த வயதில் வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு நோட்டோட வாங்க" என்றார். நான் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தினமும் பதினோரு மணிக்கு அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். எழுத்துகள் வந்தன, சின்னச் சின்ன வார்த்தைகள் வந்தன. பிறகு நான்தான் கேட்டு வாங்கினேன், பலகையில் வருகிற அந்தக் கூட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று.

"சம்படின்னா யாரோ ஒருத்தர். எவ்ரிபடின்னா எல்லாரும். நோபடின்னா ஒருத்தரும் இல்ல. எனிபடின்னா யாரா இருந்தாலும். இவங்களோடதுன்னு சொல்லணும்னா, மேல இப்படிச் சின்னதா ஒரு கோடு, பக்கத்துல எஸ். அவ்வளவுதான். சம்படிஸ் குடை. நோபடிஸ் குடை."

"நோபடிஸ் குடைன்னா யாருதும் இல்லாத குடையா? அப்ப நான் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கிட்டா சாயங்காலம் நோட்டீஸ் போட்டுடுவேன்."

எனக்குப் பிடிபடாமல் போனது எவ்ரிபடிதான். இவர்கள் எல்லாரையும் ஒருத்தராகவே எண்ண வேண்டுமாம். எவ்ரிபடி ஈஸ் என்றுதான் சொல்ல வேண்டும், ஆர் சொல்லக்கூடாதாம்.

"இருபத்துநாலு வீடு இருக்கே டீச்சர்?"

"இருந்தாலும் இங்கிலீஷ்காரன் ஒண்ணாத்தான் எண்ணுவான்."

"அப்ப அவன் அபார்ட்மெண்ட்ல இருந்ததில்ல போல."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பேசி ஒருவர் இப்படிச் சிரித்தது என் வாழ்நாளில் அந்த மேஜையில்தான். இன்னொன்றும் சொன்னார். அந்த யாரோ ஒருத்தர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது, அவர் படித்த காலத்தில் அவனுடைய அல்லது அவளுடைய என்று இரண்டையும் எழுதுவார்களாம். இப்போது 'தேர்', அதாவது அவர்களுடைய, என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்களாம். "நாம அவங்கங்கற மாதிரியா?" என்று கேட்டேன். "அதேதான். அவங்களுக்கு இவ்வளவு நாள் ஆச்சு, நமக்கு முதல்லேர்ந்தே இருக்கு" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நிமிர்ந்தே நடந்து வந்தேன்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம்.

மாசி முடிந்து வெயில் ஏறுகிற சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை. வடாம் பிழிய விரிக்கிற பழைய வேட்டியை அலசலாம் என்று பத்தரைக்கு மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே ஒரு குழாய் உண்டு. திறந்தால் புஸ் என்று காற்று மட்டும் வந்தது. மேல்தொட்டி காலி, மோட்டார் இன்னும் போடவில்லை. எங்கள் ஊரில் தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்தே வைத்து அடியில் குடத்தை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்போம். தண்ணீர் வந்தால் குடத்தில் விழுகிற சத்தம் கூப்பிடும். அதே பழக்கத்தில் திறந்த குழாய்க்கு அடியில் வாளியை வைத்தேன், வேட்டியைக் கைப்பிடிச் சுவரில் போட்டேன், பாடத்துக்கு நேரமாயிற்று என்று கீழே இறங்கிவிட்டேன். லால்குடியில் குழாய்க்கும் அடுப்பங்கரைக்கும் இருபதடி தூரம். இங்கே மேலே மொட்டைமாடி, நடுவில் இரண்டு தளம், கீழே டீச்சர் வீடு. எந்தச் சத்தம் கூப்பிடும்?

நான் சம்படி, எவ்ரிபடி என்று எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள். வாளி நிரம்பி வழிந்திருக்கிறது. காற்றில் வேட்டி கீழே விழுந்து, தண்ணீரோடு போய், மாடித் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்துக்கொண்டது. மாடியே குளமாகி, மூலையில் இருக்கிற லிஃப்ட் ரூமுக்குள் தண்ணீர் புகுந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது.

எனக்கு அது தெரிந்தது மத்தியானம் படியில் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தபோதுதான். மூன்றாவது மாடியில் காலில் மாவுக்கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். அவரைப் பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து இரண்டு பேர் படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். "யாரோ மாடிக் குழாயைத் தொறந்து போட்டுட்டாங்கம்மா" என்று தூக்கினவர்களில் ஒருவர் சொன்னார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது பிடியில் என் வேட்டி தொங்கியது. அலசி, காயவைத்து, நாலாக மடித்திருந்தது.

கட்டிடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண். என்னைப் பெரிம்மா என்பாள். முன்னே ரைஸ்மில் களத்தில் நெல் காயவைக்கிற வேலை செய்தவள். இந்த வேலைக்கு வந்த காரணத்தை ஒரு தரம் என்னிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள், ஸ்கூல் விட்டுப் பிள்ளை வரும்போது வீட்டில் இருக்கலாம். மாடியில் தேங்கின தண்ணீரைத் தள்ளியதும் அவள்தான், ஓட்டையிலிருந்து துணியை உருவியதும் அவள்தான். வடாம் கறை படிந்த வேட்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான் நன்றி சொல்ல வேண்டிய இரண்டாவது ஆள் அவள்தான்.

மறுநாள் பலகையில் நோட்டீஸ். சம்படி குழாயைத் திறந்து வைத்துவிட்டார், எவ்ரிபடிஸ் தண்ணீர் வீணாயிற்று என்று இருந்தது. மகள் உதவியில்லாமல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நானே வாசித்த முதல் நோட்டீஸ் அது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். நான் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் யாரும் யார் பேரையும் சொல்லவில்லை. "மாடிக்கு டெய்லி யார் போறாங்க? அதைப் பார்த்தா போதுமே" என்றார் ஒருவர். "சிலருக்கு பஸ்சைப் பிடிக்கறதுலதான் கண்ணு" என்றார் இன்னொருவர். பெயர் சொல்லவில்லையே தவிர எல்லாரும் கூட்டுகிற பெண்ணைத்தான் பார்த்தார்கள். அவள் துடைப்பத்தோடு படிக்கட்டு ஓரமாக நின்றிருந்தாள். டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "நீதானேம்மா தொறந்தே? ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு" என்றார்.

"நான் தொறக்கல டீச்சர்."

"அப்ப யாரு?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத் தெரியாது" என்றாள்.

அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து வேறு ஆளைப் பார்ப்பது என்று முடிவானது. நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாற்காலியை மடித்து எடுத்துப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வேண்டுமானால் கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அது வெறும் கூச்சம் இல்லை, பயம். டீச்சர் என்ன நினைப்பார், பதினோரு மணி போய்விடுமோ என்கிற பயம். எனக்கு ஒரு மணி நேரம் போய்விடக் கூடாது என்பதற்காக அவளுக்கு வேலை போனாலும் வாய் மூடி இருந்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த ராத்திரி தூங்கவில்லை. திங்கட்கிழமை பாடத்தில் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். "சம்படி, எவ்ரிபடி, ரெண்டையும் வெச்சு ஆறு வரி சொந்தமா எழுதிட்டு வாங்க. குடையையே எழுதாதீங்க."

செவ்வாய்க்கிழமை நோட்டைக் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, வழக்கம் போலச் சத்தமாக வாசித்தார். இங்கிலீஷில் நான் எழுதியிருந்தது இதுதான்: யாரோ ஒருவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. யாரோ ஒருவர் கீழே போனார். யாரோ ஒருவருடைய துணி ஓட்டையை மூடியது. எல்லாருடைய லிஃப்டும் நின்றது. அந்த யாரோ ஒருவர் நான்.

முதல் வரியில் ஒரு தப்பைத் திருத்தினார். இரண்டாவது வரிக்குச் சரி போட்டார். மூன்றாவதற்கும் போட்டார். நாலாவது வரியில் பேனா நின்றது. மீதியைச் சத்தமில்லாமல் வாசித்தார்.

"அம்மா, இது பாடமா, நெசமா?"

"நெசம் டீச்சர்."

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அணைத்தார். திரும்பி வந்தபோது கோபம் என் மேல் மட்டும் இல்லை என்று தெரிந்தது. "அத்தனை பேர் முன்னாடி அந்தப் பொண்ணை நிக்க வெச்சு நான் என்ன பேச்சு பேசிட்டேன்" என்றார்.

"நீங்களே நோட்டீஸ்ல போட்டுடுங்க டீச்சர். என் பேரைப் போட்டே எழுதுங்க."

"நான் எழுத ஆரம்பிச்சா சம்படின்னுதான் கை போகும். நீங்க எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. எல்லாருக்கும் புரியும், அவளுக்கும் புரியும்."

அவர் கொடுத்த தாளில், அவர் மேஜையில் உட்கார்ந்தே எழுதினேன். போன செவ்வாய்க்கிழமை மொட்டைமாடிக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்தது நான். ஓட்டையை அடைத்த துணியும் என்னுடையது. கூட்டுகிற பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. எல்லாரும் மன்னிக்க வேண்டும். கீழே என் பெயர், வீட்டு நம்பர். டீச்சர் எதையும் திருத்தவில்லை. குண்டூசியை மட்டும் கொடுத்தார்.

குத்திவிட்டு நேராக மாடிக்கு ஏறினேன். லிஃப்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை, படியில்தான் ஏற வேண்டியிருந்தது. அவள் மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"பலகைல எழுதிட்டேன்மா" என்றேன்.

"என்னன்னு?"

"நான்தான்னு."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஒரு வாரம் பெரிம்மா. ஒரு வாரமா எதிர எதிர வரீங்க, ஒரு வார்த்த சொல்லல. துணிய மடிச்சு மாட்டினேனே, அதப் பாத்தாவது வருவீங்கன்னு இருந்தேன்."

"நீ ஏம்மா கூட்டத்துல சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? தப்பிக்கிறதுக்கு வயசானவங்க மேல போடுறா பாருன்னுவாங்க. அதுவும் இல்லாம, நீங்க அங்க உக்காந்திருந்தது எனக்கே பாக்க முடியல. மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு."

பின்னாலேயே டீச்சர் மூச்சு வாங்க ஏறி வந்தார். முட்டி வலிக்காரர், மாடிக்கே வராதவர். அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். அவள் கையை உருவிக்கொண்டாள். "ஐயோ டீச்சர், நீங்க இப்படிச் சொன்னா எனக்குப் பயமாயிருக்கு. அந்த வாளிய எடுத்துக் குடுங்க, போதும்." டீச்சர் வாளியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் டீச்சர் அதே இடத்தில் நின்று, அவளைத் தப்பாகப் பேசினது தான்தான் என்று சொன்னார். வேறு ஆள் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது. மகளுக்குத்தான் கொஞ்ச நாள் மனசு ஆறவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேனேம்மா, ஊர் பூரா வாசிக்கிற மாதிரி பேரைப் போட்டு எழுதணுமா?" என்றாள். பிறகு ஒரு நாள் அவளே, "உன் கையெழுத்து இவ்வளவு நல்லாயிருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள். மாவுக்கட்டுப் பெரியவர் வீட்டிலிருந்து வடாம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அதை மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

பதினோரு மணிப் பாடம் போகவில்லை. கூட்டுகிற பெண் அந்த மாசமும் வந்தாள், இப்போதும் வருகிறாள், மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். என்னோடு முன்னைப் போலப் பேச அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதம் நியாயம்தான். இப்போது நான் மாடிக்கு ஏறுவதைப் பார்த்தால், "பெரிம்மா, குழாயா, வடாமா? குழாய்னா நானும் கூட வரேன்" என்கிறாள். அப்படிக் கேலி செய்ய அவளுக்கு மனசு வந்ததற்கு நான் தினமும் ரங்கநாதரைக் கும்பிடுகிறேன். அவள் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் பலகைப் பழக்கம் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோட்டை நீங்கள்தான் முதலில் வாசிக்கப் போகிறீர்கள். லிஃப்ட் நின்றது எத்தனை நாள் என்று எனக்கு நிச்சயமில்லை, அசோசியேஷன் நோட்டில் இருக்கும், பாருங்கள். அன்றைக்குச் செவ்வாய்தானா என்றும் பாருங்கள். இங்கிலீஷ் சொற்களைத் தமிழில் நான் எழுதியிருக்கிற விதம் தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒன்று. அவள் பேசியதாக நான் எழுதியிருக்கிற பகுதியை அவளுக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அவள் சொல்லாத ஒரு வார்த்தையை நான் மறதியில் அவள் வாயில் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். அவள் மேல் இன்னொரு தரம் தப்பாக எதுவும் விழக்கூடாது.